போய் வருகிறேன்

ஆங்கிலம் பேசுவது கடினமன்று, நண்பர்களே. ஆங்கிலத்தில் விடைபெறுவதுதான் கடினம்.

ரசாயனம் படிக்கக் கொல்கத்தா வந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, ஆய்வுக்கூடத்தை விட்டுப் புறப்படும்போது பேராசிரியரிடம், "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்று பணிவோடு சொல்லிக்கொண்டேன். நான் திரும்பி வருவேன் என்று நம்பி, அந்த மனிதர் இரவு எட்டரை மணிவரை கதவைப் பூட்டாமல் காத்திருந்தார்! மறுநாள் காரணம் கேட்டார். எங்கள் பக்கத்தில் "போகிறேன்" என்று சொல்லலாகாது என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்களிலும் அப்படித்தான். வங்காளத்தில் புறப்படுகிறவர் 'ஆஷி' என்பார். 'வருகிறேன்' என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு 'ஸீ யூ டுமாரோ' என்றல்லவா சொல்ல வேண்டும்?"

அன்று எனக்கு ஒரு விதி கிடைத்தது: சொல்லைப் பெயர்க்காதே, அந்த இடத்தில் ஆங்கிலேயன் என்ன சொல்வானோ, அதைச் சொல். வழியில் கண்டவரை "சாப்பிட்டாயிற்றா?" என்கிறோமே, அதற்கு "ஹவ் ஆர் யூ?" போதும். "ஹாவ் யூ ஈட்டன்?" என்றால், விருந்துக்கு அழைக்கிறான் என்று எதிரில் நிற்பவர் காத்திருப்பார். "குட் பை" என்பதும், "கடவுள் உன்னோடு இருப்பாராக" என்னும் வாழ்த்துத் தேய்ந்து சுருங்கியதுதான். பிரிவைக் கண்டு அஞ்சுவதில் அவர்களும் நம்மைப் போன்றவர்களே.

சென்ற தை மாதம் என் விதிக்குச் சோதனை வந்தது. அப்பத்தா காலமானாள். ஊரிலிருந்து பேராசிரியருக்கு விடுமுறை விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். நம் நாட்டு வழக்கப்படி "எக்ஸ்பயர்டு" என்று எழுதினேன். உடனே ஆய்வுக்கூடத்து அலமாரி கண்முன் வந்து நின்றது. காலாவதியான ரசாயனப் புட்டிகளின்மேல் என் கையால் ஒட்டிய சீட்டுகளிலும் அதே சொல்! அடித்தேன். "டைடு" என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அதில் மரியாதைக் குறைவு இல்லையென்று தெரியும். ஆனால் என் காதில் அது "செத்தாள்" என்றே ஒலித்தது. கடைசியில் "பாஸ்டு அவே" என்று முடித்தேன்.

முதன்முதலாகக் கொல்கத்தா புறப்பட்ட அன்று, ரயிலுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் "போறேன் அப்பத்தா" என்று ஓடினேன். தெருமுனையிலிருந்து என்னைத் திருப்பி அழைத்தாள். திண்ணையில் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வாரேன்னு சொல்லுடா" என்றாள். சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ரயிலும் கிடைத்தது.

இம்முறை திண்ணை வெறுமையாக இருந்தது. திருத்த ஆளில்லை. ஆயினும் "போயிட்டு வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே படியிறங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் பேராசிரியருக்கு என்ன ஆங்கிலம் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேன். அவரோ தலை நிமிர்ந்து, தம் தாய்மொழியில், "எஷேச்சோ?" என்றார். வந்துவிட்டாயா?

"வந்துவிட்டேன்" என்றேன், தமிழில். இருவருக்கும் புரிந்தது.