காப்பு நகலும் விழிப்பும்

ஏடு காப்பது திருச்சபைக்குப் புதிய பணியன்று. மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களைப் பங்குக்குரு ஏட்டில் பதிந்து பேண வேண்டுமெனத் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆண்டின் இறுதியில் பங்கு ஏடுகளின் நகலை ஆயரகத்திற்கு அனுப்ப வேண்டுமென அதன் 470-ஆம் சட்டம் கட்டளையிட்டது. பங்கு இல்லம் தீக்கிரையானாலும், ஏட்டைக் கரையான் அரித்தாலும், திருமுழுக்குப் பெற்றவரின் பெயர் வேறோர் ஊரில் வாழும். தொலைவிலுள்ள சர்வரில் காப்பு நகல் என்று இன்று பேசப்படுவதை நம் முன்னோர் மையும் பேனாவும் கொண்டே செய்தனர்.

இன்று பல பங்குகளில் இவ்விவரங்கள் கணினியிலும் ஏற்றப்படுகின்றன. இரவுதோறும் கணினி தானாகவே அவற்றைத் தொலைதூரச் சர்வருக்கு அனுப்புமாறு அமைக்கிறோம். நகலெடுக்கும் எழுத்தர் வராவிடில் வெறும் நாற்காலி அதைக் காட்டிக்கொடுக்கும். தானியங்கி வேலை நின்றுபோனாலோ, எதுவும் வெறுமையாகத் தோன்றுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளியவை. பாஸ்வேர்டு காலாவதியாகியிருக்கும்; சர்வரில் இடம் நிரம்பியிருக்கும்; கோப்புகள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருக்கும்; அல்லது குறித்த நேரத்தில் மின்சாரமே இருந்திராது. ஆகவே முதலில், கணினி தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பைப் படிக்க வேண்டும். அடுத்து, அவ்வேலையைக் கையால் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். கையால் இயக்கும்போது நடந்து, இரவில் நின்றுவிடுமாயின், இரவு வேலை எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, அதற்கு உரிய அனுமதி உண்டா என்று ஆராய வேண்டும். பின்னர், சென்று சேர்ந்த கோப்பின் தேதியையும் அளவையும் நோக்க வேண்டும். பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகளும் உண்டு.

வல்லுநர்களுக்கும் இது நேர்ந்துள்ளது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் நகல் சென்றிருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தனர், அங்கே ஒன்றுமில்லை. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, நகலெடுத்த மென்பொருளின் பதிப்போ 9.2. அதனால் நகல் எடுக்கப்படவேயில்லை. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் ஏற்க மறுத்திருந்தது. விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்டிருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் மீளவில்லை. இவையனைத்தையும் மறைக்காமல் உலகுக்கு அறிவித்த அந்நிறுவனத்தின் நேர்மை போற்றத்தக்கது.

நம் ஏட்டில் ஒரு வரி அழிந்தால், அழிவது எழுத்து மட்டுமன்று. திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம் என ஒருவரது அருள்வாழ்வின் தடமே அவ்வரியில் உள்ளது. ஏடு இல்லாதபோது, நம்பத்தக்க ஒரே சாட்சியின் சொல்லையும் திருச்சபை ஏற்கும் என்கிறது இன்றைய தொகுப்பின் 876-ஆம் சட்டம். முதிர்ந்த ஞானத்தாயின் நினைவே அப்போது இறுதிக் காப்பு நகல். ஆயின் நினைவும் ஒருநாள் மண்ணுக்குள் செல்லும்.

பங்கு விசாரணைக்கு வரும் ஆயரோ அவர்தம் பதிலாளோ ஏடுகளைப் பார்வையிட வேண்டும் என்கிறது 535-ஆம் சட்டம். ஏடு இருக்கிறது என்ற சொல் போதாது; திறந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. மாதம் ஒருமுறை, தொலைவிலுள்ள நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டெடுத்து, ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதே கடமையின் இன்றைய வடிவம். பத்துக் கன்னியர் உவமையில் விளக்கு எல்லாரிடமும் இருந்தது. மாற்று எண்ணெய் இல்லை என்பது ஐவருக்கு நள்ளிரவில்தான் தெரிந்தது. மாலையிலேயே பார்த்துவைப்பதே விழிப்பு.