ஒரு கரண்டி நெய்



போன வாரம் நான் போட்ட விருந்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், சொதி எப்படி வைக்கணும்னு எழுதுங்க" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேர் மட்டும், "இலையில் நெய்யைக் காணோமே, தயிர் வேற நிறத்துல இருக்கே" என்று கேட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கிற பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள்! சொதிக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாளில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு ஒத்தாசைக்குப் போவான். பாலும் தராது, உழவுக்கும் தேவையில்லை என்று தெருவில் விடப்பட்ட காளைக்கன்றுகள் அங்கே வருமாம். 2022 தீபாவளிக்கு வந்தபோது, "அம்மா, இனிமே பால், தயிர், நெய், தேன் எதுவும் எனக்கு வேண்டாம். நான் வீகன்" என்றான். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் கூட்டாளிகளும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் என்று விளக்கமும் சொன்னான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முட்டைகூட வாசல் தாண்டி வராத வீடு எங்களுடையது. நமக்கே சைவம் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டானா என்று தோன்றியது. பிள்ளை வேறு மெலிந்திருந்தான். அதனால் அன்று பருப்பில் ஒரு கரண்டி நெய்யைக் கலந்துவிட்டேன். ரசத்தையும் நெய்யில்தான் தாளித்தேன். "நெய் இல்லையேம்மா?" என்று கேட்டான். "இல்லைய்யா" என்றேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் தென்காசியில் இருக்கும் தங்கச்சியிடம் போனில், "கண்டுபிடிக்கவே இல்லை தெரியுமா!" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் நிற்கிறான்.

அவன் சத்தம் போடவில்லை. "நாலாம் வகுப்புல பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினேன்னு என் பேப்பரைப் பிடுங்கி வச்சவம்மா நீ" என்றான். உண்மைதான், அவனுக்கும் நான்தான் வகுப்பாசிரியை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுவரைக்கும் நீ போட்டதை நான் கேக்காம சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னான். மீதி இரண்டு நாளும் வெறும் சோறு, ஊறுகாய், வாழைப்பழம். கிளம்பும்போது எப்போதும்போல் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அது இன்னும் வலித்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் "பொய் சொல்லாதே" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை இங்கே எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அதன்பிறகுதான் சமையலை யோசிக்கத் தொடங்கினேன். அவன் எதைத்தான் சாப்பிடுவான் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எங்கள் ஆச்சியின் அடுப்படிதான் ஞாபகம் வந்தது. வீட்டில் ஒரு எருமை நின்றது. பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடும். எங்களுக்கு மோர்தான், அதுவும் சில நாள். நெய் என்றால் நல்ல நாள் பெரிய நாளில். மற்றபடி கூட்டாஞ்சோறு, தீயல், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. எங்கள் வீட்டு அவியலில் தயிர் கிடையாது, புளிப்புக்கு மாங்காய்தான். பாதிக்கு மேல் அவன் கேட்ட சாப்பாடுதான்! பேர்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

தயிர்தான் பெரும்பாடு. வேர்க்கடலைத் தயிர் என்று மருமகள் முறை ஆகும் பெண் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கப் கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோலைக் கழற்றி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். ஆறி விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காம்போடு பத்துப் பச்சை மிளகாயைப் போட்டு மூடி வைக்க வேண்டும். உறை ஊற்ற அந்தக் காம்பு போதும். முதல் தடவை சூடாக இருக்கும்போதே போட்டுவிட்டேன், உறையவில்லை. அடுத்தது சித்திரை வெயிலில் மதியம்வரை மறந்துபோய், வாயில் வைக்க முடியாத புளிப்பு. நாலாவது தடவை சரியாக வந்தது. மோர்க்குழம்புக்கு நன்றாக இருக்கிறது. தயிர்ச்சோற்றுக்கு, உண்மையைச் சொல்கிறேன், சுமார்தான்.

சத்துக்கு என்ன செய்வான் என்று கேட்பவர்களுக்கு: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, அதே அளவு பசும்பாலில் 120 அளவில்தான். ஐந்தாம் வகுப்பில் கேழ்வரகைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். ஆனால் பி12 மட்டும் இந்தச் சாப்பாட்டில் கிடைக்காது. அதற்கு மாத்திரை வேண்டும். அவன் டாக்டரைப் பார்த்துச் சாப்பிடுகிறான், நானும் ஞாபகப்படுத்துகிறேன்.

போன வாரம் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் புதுசாக விருந்துக்கு வந்தார்கள். மொத்தம் பதினாலு பேர். மாப்பிள்ளை விருந்து என்றால் எங்கள் பக்கம் சொதிதானே. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அவியல், மோர்க்குழம்பு, சிறுபருப்புப் பாயசம். எதிலும் பாலோ நெய்யோ இல்லை. யாருக்கும் தெரியாது, சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு இலை போட்டதும் சொல்லிவிட்டேன்: "பாயசம் தேங்காய்ப் பாலில வச்சது. மோர்க்குழம்பு கடலைத் தயிரு, கடலை ஒத்துக்காதவங்க தொடாதீங்க. வேணும்கிறவங்களுக்குப் பசுந்தயிரும் நெய்யும் உள்ள இருக்கு."

பெரிய அத்தான், "விருந்துக்குக் கூப்பிட்டியா, பத்தியத்துக்கா?" என்றார். அவருக்கு நெய் வைத்தேன். சொதியை மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டார். புதுமாப்பிள்ளை கடலைத் தயிரை ருசி பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுக்கி வைத்தார்.

என் மகனும் வந்திருந்தான். சொதியைக் கேட்காமலே பிசைந்து சாப்பிட்டான். பாயசம் ஊற்றும்போது, முந்திரியைப் பார்த்து, "எதுல வறுத்தேம்மா?" என்றான். "தேங்காய் எண்ணெய்ல" என்றேன். தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்தான். அவன் கேட்டதில் தப்பில்லை.

நான் வீகன் ஆகவில்லை. காலைக் காப்பி பசும்பாலில்தான். அவனும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது சொதி, ஆறு பேருக்கு. இரண்டு தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். 100 கிராம் பாசிப்பருப்பை மலர வேகவையுங்கள். முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணியை மூன்றாம் பாலில் வேகவிட்டு, ஐந்தாறு பச்சை மிளகாயும் ஒரு துண்டு இஞ்சியும் அரைத்துச் சேருங்கள். பிறகு பருப்பும் இரண்டாம் பாலும், உப்பும். கடைசியாக முதல் பாலை விட்டு, நுரை கட்டும்போதே இறக்குங்கள், கொதிக்கக் கூடாது. இறக்கிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். செய்து பார்த்துவிட்டுப் படம் போடுங்கள், மார்க் போடுகிறேன்.