தண்டவாளம் இருக்கிறது, வண்டி எங்கே?

திருவாரூரிலிருந்து காரைக்குடி வரை ரயில் பாதை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி வரை கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கடற்கரை ஊர்களைத் தொட்டுவிட்டுப் பாதை உள்நாட்டுக்குத் திரும்பினால், பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் 2018 கஜா புயலில் தலையிழந்து மீண்டுவரும் தென்னந்தோப்புகள். அறந்தாங்கி தாண்டினால் செட்டிநாட்டு வறட்சி. காவிரித் தண்ணீர் எதுவரை எட்டுகிறது, எங்கே தீர்ந்துபோகிறது என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். இத்தனை ஊர்களைக் கோத்துச் செல்லும் பாதையில் உள்ளூர் மக்களுக்கான வண்டிகளை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் கேட்டால், “ஆள் ஏறுவதில்லை” என்பார்கள். வண்டி இல்லாததால்தான் ஆள் ஏறுவதில்லை என்பது என் கட்சி.

இந்தப் பாதையின் பிறப்பே அந்தக் கட்சிக்குச் சாட்சி. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 1894-இல் ஓடத் தொடங்கிய ரயில், தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தமானது. நிலவரியோடு ரயிலுக்கென்று தனி வரியும் வசூலித்துத்தான் அதற்குப் பணம் திரட்டினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் பாதை அறந்தாங்கியை எட்டியது. இந்த மாவட்டத்து மிராசுதாரும் குடியானவரும் தங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று கைக்காசு போட்டிருக்கிறார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இரவு முழுக்க ஓடி இவர்களைச் சென்னையில் இறக்கியது. 2012-இல் அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நின்றன. முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓட 2019 ஆனது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர்கள் ரயிலையே அறியாமல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் முடித்துவிட்டார்கள். பயணப் பழக்கம் அறுந்துபோக ஏழு ஆண்டு தாராளம். அதைத் திரும்ப ஒட்டவைக்கத் தண்டவாளம் மட்டும் போதாது.

2019 ஜூனில் டெமு என்னும் டீசல் பயணிகள் ரயில் வந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். பாதை நெடுக லெவல் கிராசிங்குகள். ஆனால் கேட் கீப்பர்களை நியமிக்கவில்லை. அதற்கு ரயில்வே கண்ட வழி, கேட் கீப்பர்களையும் ரயிலிலேயே ஏற்றிக்கொள்வது. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப்போய் கேட்டை மூடுவார். வண்டி மெல்ல நகர்ந்து சாலையைக் கடந்ததும் மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் இதே கூத்து. 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து அகலப்படுத்திய பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்கூட வரவில்லை. அந்த வண்டியில் கூட்டம் இல்லை என்றால் குறை பயணிகளிடமா இருக்கிறது? பிற்பாடு கேட் கீப்பர்களை நியமித்ததும் பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் முதல் சில மாதங்களில் முகம் சுளித்துப் போனவரைத் திரும்ப அழைத்துவருவது லேசான காரியமல்ல.

பயணிகள் ரயில் என்றாலே நஷ்டம்தானே, அதில் இன்னும் நாலு வண்டி விடச் சொல்வது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்மைதான், சாதாரண வண்டியின் கட்டணம் செலவை ஈடுகட்டுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கை இந்தப் பாதையில் வைத்துப் பாருங்கள். பாதை போட்ட செலவு முடிந்துவிட்டது. கேட் கீப்பருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தண்டவாளப் பராமரிப்புக்கும் ஆகும் செலவு, ஒரு நாளைக்கு இரண்டு வண்டி ஓடினாலும் எட்டு வண்டி ஓடினாலும் பெரிதாக மாறாது. கூடுவது எரிபொருளும் ஓட்டுநர், கார்டு சம்பளமும் பெட்டிகளுக்கான செலவும்தான். நான்கு ஏக்கருக்கு போர் போட்டுவிட்டு ஒரு ஏக்கருக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சும் சிக்கனம் இது. கட்டணத்தை ஏற்றிச் சரிக்கட்டலாம் என்பதும் நடந்து பார்த்த கதை. கொரோனாவுக்குப் பிறகு சாதாரண வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் வைத்து, குறைந்தபட்சம் 10 ரூபாயாக இருந்ததை 30 ஆக்கினார்கள். நிற்கிற ஊர்களும் ஓடுகிற வேகமும் பழையபடிதான். 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய்க்கே இறங்கி வந்தார்கள்.

பஸ் இருக்கும்போது ரயில் எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. டெல்டாவில் பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது. அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். மக்கள் பஸ்ஸை நம்புவதற்குக் காரணம் வேகமல்ல. ஒன்றை விட்டால் அடுத்தது வரும் என்ற தைரியம். சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் யாரும் கால அட்டவணை பார்த்து ஏறுவதில்லை. அந்தத் தைரியம் அங்கே ரயிலுக்கும் இருக்கிறது. பட்டுக்கோட்டைக்காரர் காலை வண்டியில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார், பதினொரு மணிக்கு வேலை முடிகிறது என்று வையுங்கள். ஊர் திரும்ப மாலை வண்டிக்குக் காத்திருக்க வேண்டுமென்றால், போகும்போதே பஸ்ஸில் போய்விடுவார். இந்தப் பாதை வழியாக வாரம் மூன்று நாள் ஓடும் தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் தூரத்துப் பயணிக்கு வரப்பிரசாதம். ஆனால் தினசரி வேலைக்குப் போகிறவர் கிழமை பார்த்துப் புறப்பட முடியுமா? தவிர, ரயில் டெல்லியின் பொறுப்பு, பஸ் சென்னையின் பொறுப்பு. ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்க வேண்டும் என்று யோசிப்பது யார் பொறுப்பும் அல்ல. அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்குக் கொடுப்பது, பல சமயம் ரயில் டிக்கெட்டைவிட அதிகம்.

நம்பிக்கைக்கும் இதே டெல்டாவில் ஆதாரம் இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போன சின்னக் கிளைப் பாதையை 1976-இல் மூடினார்கள். அப்போது அதற்குக் காரியம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2011-இல் திரும்பத் திறந்தபோது முனையத்தில் பெட்டிகளை நிறுத்திப் பராமரிக்க வசதி செய்தார்கள், சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி, திருப்பதிக்குப் பாமணி என்று வண்டிகளும் வந்தன. ஊரின் செல்வாக்கு டெல்லியில் எடுபட்டது என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். செல்வாக்கு வண்டியை வாங்கித் தரலாம். டிக்கெட் வாங்கி ஏறுவது ஜனம்தான். முப்பத்தைந்து ஆண்டு ரயிலே இல்லாத ஊர், வண்டி வந்ததும் ஏறிக்கொண்டது.

ஆகவே பயணிகள் நலச் சங்கங்களும் எம்.பி.க்களும் மனுவின் வாசகத்தை மாற்ற வேண்டிய வேளை இது. புதிய பாதை, புதிய எக்ஸ்பிரஸ், அதற்கொரு கொடியசைப்பு விழா என்று கேட்டுப் பழகிவிட்டோம். திருவாரூர்–காரைக்குடிக்கு இப்போதைய தேவை அதுவல்ல. காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டெமு, இரண்டு திசையிலும், வாரத்தின் ஏழு நாளும். திருவாரூரில் தஞ்சாவூர், மயிலாடுதுறை வண்டிகளுக்கு இணைப்பு. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் வண்டி நேரத்துக்கு ஒரு டவுன் பஸ். பெட்டிகள் பற்றாக்குறை என்று ரயில்வே சொல்லும், அது பொய்யுமல்ல. அப்படியானால் ஒரே ஒரு பாதையில் இரண்டு ஆண்டு செய்து பார்க்கட்டும். அந்த இரண்டு ஆண்டும் நேரம் தவறாமல் ஓட்டிய பிறகும் பெட்டிகள் காலியாகவே கிடந்தால், ஆள் ஏறுவதில்லை என்ற வாதத்தை ஒப்புக்கொள்ளலாம். வண்டியே விடாமல் அதைச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.