நான் வாசித்த பட்டியல்

எங்கள் பங்கில் புதிய பங்குப்பேரவைக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்று மாலை இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்து, "சார், நீங்களே மறுபடியும் செயலாளரா இருங்க" என்றார்கள். வேண்டாம் என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாசலில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 34 வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற கையோடு பேரவைச் செயலாளர் ஆனேன். அதற்கு முன்பு தீர்மானப் புத்தகம் என்று ஒன்று ஒழுங்காக இருந்ததில்லை. ரசீது பாதி பீரோவில், பாதி யார் வீட்டிலோ. எல்லாவற்றையும் சீராக்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். மேய்ப்புப்பணிப் பேரவையோ, மறைமாவட்ட ஆயர் தேவை என்று கருதினால்தான். அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. இதைச் சொல்லிச் சொல்லி நான் கூட்டங்களில் குறைபட்டுக்கொள்வேன். பொதுநிலையினர் என்றால் பந்தல் போடவும் நாற்காலி தூக்கவும் மட்டும்தானா என்று கேட்பேன். திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் கிறிஸ்துவின் குரு, இறைவாக்கினர், அரசர் என்ற மூன்று பணியிலும் பங்கு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்கிறதே, அதை எடுத்துவிட்டால் கைதட்டல் நிச்சயம். இப்போது நினைத்தால், மூன்றில் அரசரை மட்டும்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கொடியேற்றத்திலிருந்து தேர் வரை பத்து நாள் செலவு அதில்தான் ஓடும். ஒரு வருடம் நிறையப் பேர் பாக்கி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாக்கிதாரர் பெயர்களை மைக்கில் வாசிப்பது என்று முடிவு செய்தேன். "செய்தோம்" என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்போதைய பங்குத்தந்தை என் மாணவர் வயதுதான். "சார், இது வேணுமா?" என்றார். "ஊர் வழக்கம் சாமி, நீங்க தலையிட வேண்டாம்" என்றேன். அவர் பேசாமல் சக்ரீஸ்துக்குள் போய்விட்டார். சாமியார்கள் எங்களைப் பேச விடுவதில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தவன் நான்!

17 பெயர் வாசித்தேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற அதே குரலில். எட்டாவதோ ஒன்பதாவதோ பெயர், கணவனை இழந்த ஒரு பெண். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த பெயருக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் தெருவில் இருக்கிற அன்பியத்தின் பொறுப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர். கணக்கு சுத்தமாக வராது, பின் பெஞ்சில் நிற்க வைத்திருக்கிறேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பாக்கி எவ்வளவுன்னு எழுதிருக்கீங்க. ஏன் பாக்கின்னு எழுதலியே?"

பிறகு அவர்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகப் பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறார்கள். அன்பியத்தில் 22 வீடு. முறை வைத்து ஒருவர் கூடப் போகிறார், ஒருவர் சோறு கொடுத்துவிடுகிறார். பஸ் காசை பீடிக் கூலியிலிருந்து எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார்கள். இதெல்லாம் நான் பட்டியல் வாசிப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நடக்கிறது. என் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

என் தாத்தா உபதேசியார். சாமியார் எப்போதோ ஒருமுறை வண்டியில் வந்து போன காலம். மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது, அடக்கம் செய்வது எல்லாம் அவர்தான். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று அம்மா சொல்வாள். காற்றாடிமலையில் 1752-இல் சுடப்பட்டு, 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயமும் மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர்தான். இதையெல்லாம் மேடையில் நான் பேசியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் பெயர் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்தேன். எளிதாக நிறைவேறவில்லை. "நீங்கதான சார் ஆரம்பிச்சீங்க" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. கடைசியில் பங்குத்தந்தை, "இனி வரியை உறையில் போட்டுக் கொடுக்கட்டும், உறை மேல் பெயர் வேண்டாம்" என்றார். அந்த வருடம் வசூல் குறைந்தது. வாணவேடிக்கையைக் குறைத்தோம். இன்றுவரை என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு.

அந்தப் பெண் வீட்டுக்கும் போனேன், பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு. தனியாகப் போகத் தைரியமில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார். பையன் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தவக்காலத்தில் அவன் இறந்துபோனான். அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஆனால் அந்தத் தாய் இன்றும் ஞாயிறு பூசைக்குப் பக்கத்து ஊர்க் கோவிலுக்குத்தான் நடந்து போகிறார்.

நேற்று வந்த பையன்களிடம் பீடி சுற்றும் அந்தப் பொறுப்பாளர் பெயரைச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்களுக்குத் தீர்மானமெல்லாம் எழுத வருமா சார்?" என்றான் ஒருவன்.

"எழுதுறதுக்கு நான் போறேன். அவங்க சொல்லட்டும்" என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.