விழிப்பானவனின் ஊர்

யூலை மாதத்தில் வோல்சிங்கம் மாதாவிடம் யாத்திரை போகிற தமிழ்ச் சனத்துக்கு அந்தக் கைகாட்டிப் பலகை பழக்கமானது. இங்கிலாந்தில் நோர்ஃபோக்கின் ஒடுங்கிய தெருக்களில் கோச் ஊர்ந்து போகும்போது வேலியோரத்தில் ‘கிரேட் ஸ்னோரிங்’ என்று நிற்கும். செபமாலை ஒரு கணம் தடுமாறும். “பெரிய குறட்டை என்று ஒரு ஊரா?” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பக்கத்திலேயே ‘லிட்டில் ஸ்னோரிங்’ என்று சின்னக் குறட்டையும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

என் பெரியப்பாவிடம் அந்த இடத்துக்கென்றே ஒரு கதை இருந்தது. 1611இல் அந்த ஊரின் பிரபு சேர் ரால்ஃப் ஷெல்ட்டன் தன் ஆதனத்தைத் தலைமை நீதியரசர் ரிச்சர்ட்சனுக்கு விற்றாராம். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டபோது, “எனக்கு ஸ்னோரிங் இல்லாமலே நித்திரை வரும்” என்றாராம். பெரியப்பா காலமாகிவிட்டார், கதை கோச்சை விட்டு இறங்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். அது ஊர் கைமாறிய கதை. பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் விளக்கம் கிடைத்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

கதையின் ஆட்களிலிருந்தே தொடங்கினேன். ஷெல்ட்டன் குடும்பம் அங்கே இருந்தது உண்மை. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய செங்கல் மாளிகை இன்றும் கிரேட் ஸ்னோரிங்கில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சேர் தோமஸ் ரிச்சர்ட்சனும் கற்பனை மனிதர் அல்லர். நோர்ஃபோக்கில் பிறந்த வழக்கறிஞர். 1621இல் பொதுச்சபையின் சபாநாயகர். 1626இல் ஒரு நீதிமன்றத்துக்கும் 1631இல் இன்னொன்றுக்கும் தலைமை நீதியரசர். அப்படியென்றால் 1611இல் எந்தத் தலைமை நீதியரசர் ஊரை வாங்கினார்? பதவி வருவதற்கு 15 ஆண்டுகள் இருக்கின்றனவே. பின்னால் வந்த பட்டத்தை முன்னால் நடந்த விற்பனைக்குச் சூட்டியிருக்கலாம்; கதை சொல்லிகள் வழக்கமாகச் செய்வதுதான்.

அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளி என்னை ரிச்சர்ட்சனின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனது. இங்கிலாந்தின் சட்ட மாணவர்களுக்கு அவரைத் தெரியும். 1631இல் சோல்ஸ்பரி நகரில் அவர் வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தபோது, தண்டனை பெற்ற கைதி ஒருவன் செங்கல் துண்டொன்றை அவர்மீது எறிந்தான். மயிரிழையில் தவறியது. அவனுடைய வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் அறைந்து, அவனையும் அங்கேயே தூக்கிலிட்டார்கள். அன்றைய சட்டக் குறிப்பொன்றில், பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த விசித்திர மொழியில், இது பதிவாகியிருக்கிறது. கல் வந்த நேரத்தில் நீதியரசர் குனிந்து முழங்கையில் சாய்ந்திருந்தாராம். உயிர் தப்பியதற்கு நண்பர்கள் வாழ்த்தியபோது, தான் நிமிர்ந்த நீதிபதியாக இருந்திருந்தால் செத்திருப்பேன் என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு; நிமிர்ந்த என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு நேர்மையான என்றும் பொருள்.

இதைப் படித்ததும் பெரியப்பாவின் கதையை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. சாவு தலைக்கு மேலால் பறந்த நேரத்திலும் சிலேடை பேசிய மனிதருக்குத்தான் ஸ்னோரிங்கை விற்றிருக்கிறார்கள். சிலேடை அவரைச் சுற்றி வளராமல் என்ன செய்யும்? ஆனால் என் கேள்விக்கு இந்த வழி மூடியே கிடந்தது. விற்பனை அப்படியே நடந்திருந்தாலும், 1086இல் வில்லியம் மன்னரின் டூம்ஸ்டே கணக்கேட்டில் ஸ்னோரிங் ஏற்கெனவே இருக்கிறது. சிலேடைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது பெயர்.

நேரே ஊருக்கே போனேன். முதலில் லிட்டில் ஸ்னோரிங். ஃபேக்கனம் நகரத்திலிருந்து ஹோல்ட் நோக்கிப் போகும் பிரதான வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புனித அந்திரேயா தேவாலயத்தில் முதியவர் ஒருவர் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயரைப் பற்றிக் கேட்டேன்.

“எங்கள் ஊர்தான் பெரியது,” என்றார்.

குறட்டையைப் பற்றி ஏதாவது பழங்கதை உண்டா என்று கேட்டேன்.

“அங்கே இருப்பவர்களைவிட இங்கே சனம் எவ்வளவோ கூட. ஆனால் அவர்கள் கிரேட், நாங்கள் லிட்டில். இதை எழுதிக்கொள்ளுங்கள்.”

எந்தப் பக்கத்தால் கேட்டாலும் அவர் அங்கேயேதான் திரும்பி வந்தார். அவர் சொன்னது சரி. பெயர்களில் பெரியதும் சின்னதும் ஒட்டிக்கொண்டது மத்திய காலத்தில். அன்றைய இலத்தீன் ஏடுகளில் மாக்னா, பார்வா. இன்றைக்குச் சின்னதில்தான் சனத்தொகை அதிகம். இத்தனை நூற்றாண்டாகத் தீராத அந்த மனக்குறையை எழுதிக்கொண்ட பிறகுதான் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். “இதைப் படியுங்கள். பிறகு குறட்டையைப் பற்றிப் பேசுவோம்.”

அவை விமானப் படையின் பலகைகள். 1943இல் இந்த ஊரின் வயல்களில் விமானத் தளம் திறந்தார்கள். 1944இல் 23ஆம், 515ஆம் படையணிகளின் மொஸ்கிட்டோ விமானங்கள் இங்கிருந்து இரவில் புறப்பட்டு, ஜெர்மானிய இரவுச் சண்டை விமானங்களை அவற்றின் தளங்களுக்கு மேலேயே போய் எதிர்கொண்டன. வீழ்த்திய விமானங்களும் பெற்ற விருதுகளும் பலகைகளில் வரிசையாக இருக்கின்றன. இந்த ஊர் பகலில்தான் படுத்தது. இரவெல்லாம் ஓடுபாதையில் விழித்திருந்தது. இந்த ஊரைத் தூங்குமூஞ்சி என்று சிரிப்பது எவ்வளவு அநியாயம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் சிலேடையை விட்டுவிட்டுப் பழைய எழுத்துக்கூட்டலைப் பிடித்தேன். டூம்ஸ்டே ஏட்டில் இந்தப் பெயர் ‘ஸ்னோ’ என்று தொடங்கவில்லை, ‘ஸ்னா’ என்று தொடங்குகிறது. மேலும், அன்றைய பழைய ஆங்கிலத்தில் குறட்டை விடுவதற்கு ‘ஹ்ரூட்டன்’ என்றொரு வேறு வினைச்சொல் இருந்தது. இன்றைய ‘ஸ்னோர்’ எழுத்தில் தலைகாட்டுவது 14ஆம் நூற்றாண்டில்தான். அந்தச் சொல் வருவதற்கு முன்பே ஊர் அங்கே உழுது விதைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் யார் வைத்த பெயர்? ஆங்கிலேய ஊர்ப்பெயர்களுக்கு 1936இல் பேரகராதி தந்தவர் ஐலர்ட் எக்வால் என்ற சுவீடன் நாட்டுப் பேராசிரியர். அவர் வழியில் வந்த ஆய்வாளர்கள் இதை ஸ்னேர் என்ற மனிதனின் ஆட்கள் இருந்த இடம் என்று விளக்குகிறார்கள். பெயரின் பின்பாதி ‘இங்காஸ்’; இன்னாரைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். நம் ஆட்கள் குடியிருக்கிற ரெடிங்கும், பள்ளிப் புத்தகத்தில் படித்த ஹேஸ்டிங்ஸும் இதே வார்ப்பு: ரேடாவின் ஆட்கள், ஹேஸ்டாவின் ஆட்கள். இத்தகைய பெயர்கள் சாக்சன் குடியேற்றத்தின் முதல் அடுக்கு என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1966இல் ஜோன் டொட்சன் என்ற ஆய்வாளர், மிகப் பழைய புதைகுழிகள் இருக்கும் இடங்களும் இந்தப் பெயர்கள் இருக்கும் இடங்களும் பொருந்தவில்லை என்று காட்டினார். அதன் பிறகு இவற்றைச் சற்றுப் பிந்திய அடுக்காகவே பார்க்கிறார்கள். பிந்தியது என்றாலும், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை அது.

ஸ்னேர் என்ற பெயருக்கு அவர்கள் சொல்லும் பொருளில்தான் நான் துள்ளிக் குதித்தேன். விரைவானவன், விழிப்பானவன். உலகமே குறட்டை என்று சிரிக்கிற ஊர், கண்ணயராத ஒருவனின் ஊர். இப்படி ஓர் ஆள் இருந்ததாக வேறெந்த ஆவணமும் சொல்வதில்லை. ஊர்ப்பெயரிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் அவனை மீட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு கைகாட்டிப் பலகைகளைத் தவிர அவனுக்கு வேறு நினைவுச் சின்னம் இல்லை.

எசெக்ஸில் அவலட்சணம் என்று காதில் விழுகிற அக்லி என்ற ஊரும் இப்படித்தான். உக்கா என்ற ஒருவன் காட்டுக்குள் வைத்திருந்த வெட்டவெளி அது. ஹார்ட்ஃபர்ட்ஷயரில் நாஸ்டி என்ற ஊர், கிழக்குப் பக்கத்து அடைப்பு. வேடிக்கைப் பெயர்ப் பட்டியல்களில் சிக்கியிருக்கிற ஊர்கள் பலவும் யாரோ ஒருவரின் வேலியையோ நிலத்தையோ குடும்பத்தையோ சுமந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: ஸ்னோரிங்கில் குறட்டை இல்லை, ஷெல்ட்டனின் சிலேடையை நல்ல சிலேடையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரின் பெயரைக் கேட்டுச் சிரித்தாலும் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், அந்தப் பெயரை முதன்முதலில் எப்படி எழுதினார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.