புகார் சொல்லாத திரவம்

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும். செயின் தளர்ந்தால் தட்டும், பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சிடும், ஆயில் பழசானால் கியர் முரண்டு பிடிக்கும். கூலண்ட் மட்டும் வாயே திறக்காது.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்15, முதல் தலைமுறை. 2008-இல் அது வந்தபோது ரேடியேட்டர் வைத்த 150 சிசி பைக் நம் ஊருக்குப் புதுசு. காற்றிலேயே சூடு தணியும் வண்டிகளில் பழகிய மெக்கானிக்குகள் பலர் இன்றும், "குறைஞ்சா தண்ணி ஊத்திக்கலாம் சார்" என்பார்கள்.

அந்தப் பேச்சில் பாதி நியாயம் உண்டு. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் கூலண்டில் உள்ள எதிலீன் கிளைகாலைவிடத் தண்ணீரே கெட்டி. பனி விழும் நாடுகளில் உறையாமல் இருக்கக் கிளைகால் வேண்டும். நமக்கு அது கொதிநிலையை உயர்த்தித் தருகிறது. ஆனால் கூலண்ட் டப்பாவில் தண்ணீரும் கிளைகாலும் போக மூன்றாவதாக ஒரு சரக்கு உண்டு: அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காக்கும் ரசாயனங்கள். கிளைகால் நாளாக ஆக அமிலமாக மாறும். அந்த அமிலத்தோடு மல்லுக்கட்டியே இவை தீர்ந்துபோகும். பச்சை நிறமோ வெறும் சாயம், அது அப்படியே இருக்கும். போர் தண்ணீரை ஊற்றினால் இன்னும் மோசம். ஹீட்டர் காயிலில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

அதனால், வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுவது என் வழக்கம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வாட்டர் பம்ப் பக்கமுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் முதலில் சோம்பலாக ஒழுகும், மேலே மூடியைத் திறந்ததும் பீய்ச்சிக்கொண்டு வரும். வடிந்ததைப் பிடித்த தட்டை நிதானமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பச்சைக்கு அடியில் பழுப்பு வண்டல் தங்கினால், உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அந்தத் தட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. கிளைகால் இனிக்கும்; தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். கையோடு மூடி போட்ட கேனில் அடைத்துவிட வேண்டும்.

பிறகு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடிக்க வேண்டும். வடிகிற நீர் தெளியும்வரை இதே வேலைதான். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, அளவாக முறுக்க வேண்டும். அலுமினிய மரை நம் புஜபலத்தைத் தாங்காது.

புதுக் கூலண்டை அவசரமாக ஊற்றினால் ஏர் லாக் ஆகிவிடும். கொஞ்சம் ஊற்றி, ஹோஸைப் பிசைந்து, வண்டியை இடம் வலமாகச் சாய்த்து, மூடி போடாமலே ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் மேலே வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றபின் மூட வேண்டும். ரிசர்வ் டேங்கையும் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிரப்பினால் முடிந்தது.

பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அங்கே சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. கூலண்ட் ஒருவழியாகப் பேசுவது அந்த இடத்தில்தான். அதற்குள் செலவு வாசலுக்கு வந்திருக்கும். அதுவரை காத்திராமல் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டுமென்றால் காதை நம்பிப் பயனில்லை. மாற்றிய தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதி சீட்டுக்கடியில் ஒட்டிவைத்தால் போதும்.

வேலை முடிந்தபின் நண்பன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒரு வித்தியாசமும் தெரியலையேடா" என்றான். தெரியக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும் என்றேன்.