மந்திரத்தில் உள்ள ‘நான்’

மந்திரத்துக்கு அர்த்தம் வேண்டாம், சப்தம் போதும் என்றார் ஒரு நண்பர். கவிதையைப் பற்றியும் இதையே சொல்கிறவர் அவர். ஆகவே சும்மா விட மனமில்லை.

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்களைச் (1997–2007) சிறுபிள்ளை சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் அவற்றின் மந்திரச் சொற்களையாவது பார்க்கலாம். பெரும்பாலும் லத்தீன், அல்லது லத்தீன் மாதிரி. முதல் நாவலில் ஒரு சிறுமி, ‘விங்கார்டியம் லெவியோஸா’வில் ‘கார்’ நன்றாக நீள வேண்டும் என்று சக மாணவனைத் திருத்துகிறாள். அவன் சொன்னபோது எழும்பாத இறகு அவள் சொன்னதும் எழும்புகிறது. சப்தக் கட்சிக்குச் சாதகம்தான். (அந்த முதல் சொல்லில் இங்கிலீஷ் ‘விங்’ ஒளிந்திருப்பது வேறு விஷயம்.)

ஆனால் யாருடைய உச்சரிப்பு? லத்தீன் ‘ஸி’ பழைய ரோமாபுரியில் எப்போதும் ‘க்’. ‘இ’, ‘எ’ பின்னால் வந்தால் மாதா கோவிலில் அது ‘ச்’ ஆயிற்று. இங்கிலீஷ்காரர் வாயில் ‘ஸ்’. திரைப்படங்களில், பொருளை வரவழைக்கும் ‘அக்கியோ’வை ரோமானியன் மாதிரி சொல்கிறார்கள், வதைக்கும் ‘க்ரூஸியோ’வை அப்படிச் சொல்வதில்லை. ரோமானியனுக்கு அது ‘க்ருகியோ’. இரண்டும் பலிக்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது விகுதி. ‘அக்கியோ’ என்றால் வரவழைக்கிறேன். ‘எக்ஸ்பெக்டோ’, எதிர்நோக்குகிறேன். ‘க்ரூஸியோ’, வதைக்கிறேன். ‘ஐ’ என்று தனியே சொல்லியாக வேண்டிய இங்கிலீஷ் வாசகனைவிட, ‘கிறேன்’ என்பதிலேயே தன்னை வைத்துப் பேசும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஐந்தாவது நாவலில் (2003) ஹாரி ஆத்திரத்தில் இந்தச் சாபத்தை ஏவுகிறான். சரியாகப் பலிக்கவில்லை. வதைக்க நிஜமாகவே விரும்ப வேண்டும் என்கிறாள் எதிரி. உச்சரிப்பைப் பற்றி அவள் பேச்சே எடுப்பதில்லை.

என்னைத் தொந்தரவு செய்வது ‘இம்பெரியோ’. அடுத்தவன் மனத்தைப் பிடித்து ஆட்டுவிக்கும் சாபம். ‘கட்டளையிடுகிறேன்’ என்பதற்கு லத்தீனில் ‘இம்பெரோ’. இதுவோ ‘இம்பெரியம்’ என்ற பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவம்; ‘அதிகாரத்தால்’ என்று கொள்ளலாம். யாருடைய அதிகாரம்? சொல்லில் ஆள் இல்லை. ஓசைக்காகத்தான் ஓர் ‘இ’ சேர்ந்தது என்றே இருக்கட்டும். வதைக்கிறவன்கூடத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான், ஆட்டுவிக்கிறவன் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த இலக்கணம் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானது. அப்பாவைத் தற்காலிக வேலைநீக்கம் செய்த தாள் ‘உத்தரவிடப்படுகிறது’ என்று முடிந்திருந்தது. கீழே ‘ஆணைப்படி’ என்று போட்டு ஒரு கிறுக்கல். யார் உத்தரவிட்டது என்று தெரிந்துகொள்ள அவர் அந்தத் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.